எந்தக் கைக்குக் கட்டு?

பெயின்டரின் வலக்கை என் அறைச் சுவரின் வலப்பக்கத்தைப் பூசி முடித்தது. உடனே பிரஷ் இடக்கைக்குத் தாவியது. இடப்பக்கம் மளமளவென்று நிறமேறியது. ஏணி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மற்ற பெயின்டர்கள் ஏணியை நகர்த்தியே இடுப்பொடிவார்கள் என்று இவர் பீற்றிக்கொள்வது இதை வைத்துத்தான். வீட்டுக்காரரும் இவரே. கீழே இவர் குடும்பம், மாடியில் வாடகைக்கு நான்.

ஏணியடியில் இவருடைய ஒன்பது வயது மகள், இடக்கையில் பேண்டேஜோடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறகுப்பந்து ஆடுகிறவள். இடக்கையால் எழுதுவாள், வலக்கையால் பல் துலக்குவாள். ஆடும்போது பந்து எந்தப் பக்கம் வந்தாலும் ராக்கெட் அந்தப் பக்கத்துக் கைக்குப் போய்விடும். சில பிள்ளைகள் அப்படித்தான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படித்தவள் நான். இது நோயில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்களுக்கு விளையாட்டப் பத்தித் தெரியாது நர்ஸம்மா" என்றார், பிறந்ததிலிருந்து ராக்கெட்டைத் தொட்டிராத மனிதர்.

முதலில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். இடக்கைக்காரர்களை ஜெயிப்பது கஷ்டமாம். மகளுக்குச் சுளுக்கு என்று என்னிடம் பொய் சொல்லி பேண்டேஜ் வாங்கிப்போய், அவள் வலக்கையைக் கட்டினார். ஒரு மாதம் சாம்பியனின் அப்பாவாகவே தெருவில் நடந்தார். அப்புறம் கோச், "ஏதாவது ஒரே கையில ஆடச் சொல்லுங்க. பேசாம வலதையே பழக்குங்க" என்றார். அன்று சாயங்காலமே கட்டு இடக்கைக்கு மாறியது. சுளுக்கும் கூடவே மாறிவிட்டது போலும்.

போன வாரப் போட்டியில் பந்து வந்தது. எந்தக் கை என்று பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் அது அவள் தலையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ராக்கெட்டைப் பரண்மேல் வீசினாள். விடிந்தால் பள்ளி அணிக்குத் தேர்வு. இனிமேல் ஆடவே மாட்டேன் என்கிறாள்.

"அடம் புடிக்காதடி" என்றார் ஏணிமேலிருந்து. "ஒரு மனுஷனுக்கு ஒரு கைதான் வேலை செய்யணும்." சொல்லும்போதே பிரஷ் கைமாறியது.

"உங்களுக்கு எந்தக் கைப்பா?"

"வலது. அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ அந்தப் பக்கம் பூசினது யாரு, எதிர்வீட்டு மாமாவா?"

நான் வாய்விட்டே சிரித்தேன்.

"அது வேலை. இது விளையாட்டு" என்றார்.

"கீழ எறங்குங்க." பல்லால் கடித்துத் தன் கட்டை அவிழ்த்தாள். அப்பாவின் இடக்கையை விரல்களோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினாள். "ம், பூசுங்க. ஒரே கைல."

"என்னடி, விளையாடறியா?"

"நான் விளையாடல. நீங்கதான் வேலை செய்றீங்க."

நான் பார்த்துக்கொண்டிருந்ததால் ரோஷத்தோடு ஏறினார். இடமூலைக்கு வலக்கையை நீட்டினார், எட்டவில்லை. இன்னும் சாய்ந்தார், பெயின்ட் சட்டைக்குள் ஓடியது, ஏணி ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு இன்னொரு நோயாளி வேண்டாம்.

"ஏணிய நகர்த்த வேண்டியதுதானே?" என்றேன். "மத்த பெயின்டருங்க எல்லாம் அப்படித்தானே?"

இறங்கி, ஒற்றைக் கையால் ஏணியை இழுத்து, பெயின்ட் டப்பாவுக்குள் காலை விட்டார். மகள் சிரிக்கவில்லை. "போட்டியில எனக்கும் இப்படித்தான்பா இருந்துச்சு" என்றாள்.

அவரோ, வெளிச்சம் போய்விட்டது, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பினார். சுவரில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் என் கதவைத் தட்டினார். கையில் கட்டு இல்லை. விட்டுப்போன மூலையை இடக்கையால் பூசி முடித்து, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே போனார். நானும் பின்னாலேயே போனேன். பரண்மேலிருந்து ராக்கெட்டை எடுத்து, தூசி தட்டி மகளிடம் நீட்டினார்.

"எந்தக் கைல வாங்கணும்?" என்றாள் சின்னது.

"வாயால வேணும்னாலும் கடிச்சுக்கோ. வண்டில ஏறு, நேரமாச்சு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். மாடிக்குத் திரும்பினேன். என் கதவுத் தாழ்ப்பாளில் பெயின்ட் காய்ந்து விறைத்த பேண்டேஜ் தொங்கியது. விடிகாலையில் தட்டும்போதே மாட்டியிருப்பார். குப்பையில் போட்டேன்.