கருத்துக்களத்தில் எனக்கிருந்த அண்ணன்

எனக்கு அண்ணன் கிடையாது. மூன்று தங்கைகள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், இலங்கையில் சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்ச காலத்தில், கனடாவிலும் லண்டனிலும் இருந்த எத்தனையோ தமிழர்கள் எனக்கு ஓர் அண்ணன் இருந்ததாகவும் அவன் காணாமல் போய்விட்டதாகவும் நம்பினார்கள். நம்பவைத்த நாய் நான்தான்.

அப்போது பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்தேன். போட்டோ கொப்பி, வெளிநாட்டு டெலிபோன் கோல், ஐந்து கம்ப்யூட்டர். இரண்டில் மட்டும் இன்டர்நெட், அதுவும் இடி இடித்தால் போய்விடும். பசறை ரோட்டிலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடையைத் திறப்பேன். காலையில் குவைத்திலும் துபாயிலும் மகள் இருக்கிற அம்மாமார் வந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு கேம் விளையாடுகிற கூட்டம்.

என் நண்பன் அந்தக் கூட்டத்தோடு வந்தவன். என் வயதுதான். அப்பா யாழ்ப்பாணத்தார், பதுளையில் அரசாங்க உத்தியோகம், ஆஸ்பத்திரிப் பக்கம் குவார்ட்டர்ஸ். எல்லாப் பயல்களும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், இவன் அதைத் தொடவே மாட்டான். கார் ரேஸ் மட்டும்தான். வெற்றி பெற்றால் பெயர் கேட்கும் அல்லவா? அதில் தன் பெயரை அடிக்க மாட்டான், எப்போதும் வேறொரு பெயர்தான்.

"யாருடா இது, ஒன் ஆளா?" என்று ஒருநாள் கிண்டல் பண்ணினேன்.

"அண்ணா" என்றான்.

அன்றைக்குத்தான் சொன்னான். அண்ணன் படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்றவன். தொண்ணூறுகளின் நடுவில் சனம் மொத்தமாக ஊரைவிட்டு வெளியேறிய நாட்களில், பெரியம்மாவுக்கு மருந்து வாங்கச் சைக்கிளில் போனான், வரவில்லை. மஞ்சள் கோடு போட்ட சட்டை. அவ்வளவுதான் தெரியும். சொல்லிவிட்டு அடுத்த ரேஸைத் தொடங்கினான்.

மற்றதெல்லாம் பேசினோம். அரசியல் பேசாத நாளே இல்லை. எனக்கு வாய் அதிகம், கோபமும் அதிகம். எலெக்ஷன் வந்தால் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு நாலு கூரைத்தகரம் வரும், எலெக்ஷன் முடிந்தால் தகரம் கொடுத்த பெரியவர் கட்சி மாறிவிடுவார், எங்கள் ஆட்கள் அதற்கும் பட்டாசு கொளுத்துவார்கள். இதைச் சொல்லிக் கத்துவேன். கடைசியில் கோபம் அவன்மேல் திரும்பும்.

"ஒங்க ஆளுங்க எங்களப் பத்தி ஒரு வார்த்த பேசுறாங்களாடா? நாங்களும் தமிழன்தானே?"

"உனக்கென்ன விசரே? என்ர ஆக்கள் ஆரடா? நான் கார் ஓடுறன், விடு" என்பான்.

அப்படி ஒரு நண்பன் எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் நான் இன்டர்நெட்டில் ஒரு தமிழ்க் கருத்துக்களத்தில் போய் உட்காருவேன். வெளிநாட்டுத் தமிழர்கள் புனைபெயர்களில் வந்து இரவு பகலாக அரசியல் சண்டை போடும் இடம். அவனுக்கு அது பிடிக்காது, "சும்மா அலட்டல்" என்று எட்டியும் பார்க்க மாட்டான். எனக்கோ அது ஒரு போதை. தோட்டச் சம்பளத்தைப் பற்றி, லயத்தைப் பற்றி ஒருநாள் நீளமாக எழுதினேன். ஊர் எது என்று கேட்டார்கள், சொன்னேன். "ஓ, மலையகமோ? நாங்கள் இஞ்ச வேற விசயம் கதைக்கிறம் தம்பி" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே இன்னொருவர் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் போட்டார்.

அந்த மூஞ்சியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருங்கடா, என்று நினைத்துக்கொண்டு மறுநாளே வேறொரு பெயரில் உள்ளே போனேன். இந்தமுறை நான் யாழ்ப்பாணத்தான். பேச்சு என் நண்பனிடமிருந்து பொறுக்கியது. அண்ணனும் அவனிடமிருந்து பொறுக்கியதுதான். சைக்கிள், மருந்து, மஞ்சள் கோட்டுச் சட்டை, எதையும் விடவில்லை. ஐயோ, வந்து விழுந்த ஆறுதலைப் பார்க்க வேண்டுமே! உங்கள் வலி எங்கள் வலி என்றார்கள். நான் சொல்கிற கருத்துக்கெல்லாம் திடீரென்று எடை வந்துவிட்டது. பழைய தோட்டச் சம்பளக் கட்டுரையைத் தூசி தட்டி மறுபடி போட்டேன். தன் துயரத்திலும் மலையக மக்களை நினைக்கிறாரே என்று பாராட்டினார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நண்பன் அடுத்த கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு தனிமடல் வந்தது. கருத்துக்களத்தில் அதிகம் எழுதாத ஒருவர், ஐரோப்பாவில் எங்கேயோ இருந்தவர்.

"தம்பி, உங்கட அண்ணா இறால் சாப்பிட்டால் உதடு வீங்கிறவரோ? ஓம் எண்டால் உடனே எழுதுங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும்."

இரண்டு தடவை வாசித்தேன். நண்பனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஏன் கேட்கிறாய் என்று அவன் கேட்பானே? உன் அண்ணனைத் திருடி எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் அவன் வந்தான், மூன்று நாளும் வாயைத் திறந்தேன். "என்னடா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றேன்.

நாலாம் நாள் எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். அவன் வீட்டில் சனிக்கிழமைதோறும் சாப்பிடுகிறவன் நான். மட்டக்களப்புப் பக்கமிருந்து மீன் லொறி வந்தால் அவன் அம்மா இறால் வாங்காமல் விடமாட்டார். இறாலை நான் முதன்முதலில் தின்றதே அந்த வீட்டில்தான். உதடு வீங்குகிற பிள்ளை இருந்த வீட்டில் யாராவது இப்படி இறால் சமைப்பார்களா? மாட்டார்கள். எனவே இது வேறு யாரோ. "இல்லை, எங்கட வீட்டில எல்லாரும் இறால் சாப்பிடுவம்" என்று அடித்து அனுப்பினேன்.

அன்றைக்கே பதில் வந்தது. "அப்ப அவர் வேற ஆள். குறை நினைக்காதேங்கோ. உங்கட அண்ணா கிடைக்கவேணும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அம்மா எனக்கு இறால் குழம்பை அள்ளி அள்ளி ஊற்றினார்.

"வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி. மூத்தவன் இஞ்ச நிண்ட காலத்தில இந்த வீட்டுக்குள்ள இது வந்ததேயில்ல. அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. ரெண்டு திண்டாலே காணும், சொண்டு ரெண்டும் வீங்கிப்போடும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அவன் வந்தானெண்டால் நிப்பாட்டிப்போடுவன்."

எனக்குப் புரையேறியது. நண்பன் என் முதுகில் தட்டித் தண்ணீர் தந்தான்.

கடைக்கு ஓடினேன். ஓம் என்று எழுதினேன். பதில் இல்லை. மறுநாளும் எழுதினேன். கடைசியில் உண்மை முழுவதையும் எழுதினேன்: அது என் அண்ணன் அல்ல, என் நண்பனின் அண்ணன், ஆனால் சத்தியமாக அவன்தான், தயவுசெய்து எழுதுங்கள். அந்த மனிதர் கருத்துக்களத்துக்கு வந்தே இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது என்று அவர் பெயருக்குக் கீழே காட்டியது. மடல் திறக்கப்படாமலே கிடந்தது.

ஒரு கிழமை, ஏழு நாள், பொறுத்தேன். பிறகு நண்பனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. நான் திரையில் காட்டிய மடல்களைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

"இந்தாள் என்ன சொல்ல வந்தது?"

"தெரியலடா."

"உயிரோட இருக்கிறானெண்டோ? இல்லாட்டி..."

"நான் கேக்கவே இல்லடா. இல்லன்னு எழுதிட்டேன்."

அவன் எழுந்து போனான். இரண்டு அறை விட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் இடம் வைக்கவில்லை. அதன்பிறகு அவன் என்னோடு பேசவே இல்லை. பேச்சுவார்த்தை, சமாதானம், மன்னிப்பு என்று நான் அந்தக் களத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன். இவனுக்கு எழுத ஒரு வரி இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, வெளிநாட்டுக் கோல் பேசுகிறவர்களின் வரிசைக்கு நடுவில் அவன் அம்மா வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், அப்படித் திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இவன் எல்லாம் சொன்னவன்" என்றார். "தம்பி, அந்த ஐயாவுக்கு ஒருக்கா ஓம் எண்டு எழுதிவிடுங்கோ. தாய் சொன்னது எண்டு எழுதுங்கோ."

ஏற்கெனவே எழுதிவிட்டேன், அவர் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் மாட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. கதிரை இழுத்துப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். உதடு வீங்கும், சிறுவயதிலிருந்தே வீங்கும் என்றும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். அனுப்பினேன்.

அவர் எழும்பவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார்.

"பதில் வர எவ்வளவு நேரமாகும் தம்பி?"

"கொஞ்ச நேரம் ஆகும்மா" என்றேன். "இருங்க."