தனுஜா கழுவிய படகு

ஜார்ஜ்டவுனில் மற்ற வழிகாட்டிகள் சுற்றுப்பயணிகளைச் சுவரோவியங்களுக்கு இழுத்துப்போவார்கள். தனுஜா அக்கா ஆற்று முகத்துவாரத்துக்கு அழைத்துப்போவார். நான் அவருக்கு வேன் ஓட்டுகிறவன், இத்ரீஸ். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போனதும் மூலையில் உட்காராமல், படித்து வழிகாட்டி உரிமம் வாங்கிய ஆள் அவர். வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம்.

முகத்துவாரத்தில் சுலைமான் நானாவின் படகுப் பட்டறை இருக்கிறது. விலா எலும்பு மாதிரி நிற்கிற மரச்சட்டங்களைப் பார்த்ததும் வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். வேறு எந்த வழிகாட்டியையும் நானா உள்ளே விடுவதில்லை. அக்காவுக்கும் ஒரே நிபந்தனைதான்: காலணியோடு யாரும் படகின் முன்தலையில் ஏறக்கூடாது. துஆ ஓதிப் பன்னீர் தெளிக்கிற இடம் அது. கடலை முதலில் சந்திப்பதும் அதுதான்.

போன மாதம் பெரிய ஹோட்டல் ஒன்றின் மேலாளர் தயாளன் பார்வையிட வந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஹோட்டல் விருந்தினர் எல்லோரும் இனி அக்காவோடுதான். சொந்தமாகச் சுற்றுலா நிறுவனம் தொடங்குகிற கனவு அக்காவுக்கு ரொம்ப நாளாக உண்டு. நிபந்தனையை வேனிலேயே சொல்லிவிட்டார். மனிதர் கைப்பேசியை நோண்டிக்கொண்டே தலையாட்டினார்.

பட்டறையில் எல்லாவற்றையும் ரசித்தார். ரசித்த வேகத்தில் பளபளக்கிற ஷூவோடு ஏணியில் ஏறி முன்தலையில் நின்று போஸ் கொடுத்தார். இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்த நானா கையை நிறுத்தினார். அக்கா இதை முழுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சார், இறங்குங்க."

"ஒரே ஒரு போட்டோலா!"

"போட்டோ கீழே நின்னும் எடுக்கலாம். முதல்ல இறங்குங்க சார்."

முகம் சிவக்க இறங்கினார். அக்கா வெறுங்காலோடு ஏறி, வாளித் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தைக் கழுவினார். ஹோட்டல் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டா என்னக்கா?"

"ஹோட்டல் வேற கிடைக்கும்லா. நானாகிட்ட குடுத்த வாக்கு?" சொன்னாரே தவிர, கண் கலங்கியிருந்தது.

அந்தப் படகைத் தண்ணீரில் இறக்கும் நாளில் பயணிகளோடு கிளம்பினோம். வழியில், ஜெலுத்தோங்கில் நெரிசல் பிடித்துக்கொண்டது. நீர் ஏறியிருக்கும்போதே இறக்க வேண்டும், விட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். "முடிஞ்சிருக்கும்" என்று அக்கா முனகிக்கொண்டே வந்தார்.

முடியவில்லை. கயிற்றைப் பிடித்தபடி ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. நானா மட்டும் அசையாமல் வாசலைப் பார்த்து நின்றிருந்தார்.

"என்ன நானா, இன்னும் இறக்கலையா?"

"எல்லாரும் என்னைத் திட்டுறாங்க தங்கச்சி. படகைக் கழுவினவ வராம எப்படி இறக்குறது? வா, முன்தலைல கை வை."

அக்கா அழுதுகொண்டே கை வைத்தார். பயணிகளும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். நானும்தான்.