கண்ணால தொழுத அஸர்

கொரோனா எல்லாம் அடங்கி ரெண்டொரு வருசத்துக்குப் பிறகு, மட்டக்களப்பில மாரி தொடங்கின நேரம் நடந்தது இது. நான் ஏறாவூரான். டைல்ஸ் பதிக்கிற வேலை. தன்னாமுனையில ஒரு வீட்டுக் குசினியில வேலை செஞ்சிக்கொண்டிருக்கக்குள்ள மேல்வயித்தில ஒரு குத்து. காஸ் எண்டு நினைச்சி சோடா ஒண்டு வாங்கிக் குடிச்சன். அண்டைக்குப் பின்னேரமே என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாங்க. பித்தப்பையில இருந்த கல்லு ஒண்டு வழுகிப் போய் கணையத்தப் பழுதாக்கிட்டு எண்டு சொன்னாங்க. அப்படி ஒரு உறுப்பு எனக்குள்ள இருக்கிறதே எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

ஐசியூவில போட்டாங்க. மூக்கால ஒரு குழாய், சலம், அதான் மூத்திரம், போக ஒண்டு, ரெண்டு கையிலயும் சேலைன், முகத்தில ஒட்சிசன் மாஸ்க். வயிறு ஊதி றபான் மேளம் மாதிரி இறுகிட்டு. ஆனா நினைவு மட்டும் நல்லாத்தான் இருந்திச்சு.

அங்க ஒரு டொக்டர் பிள்ளை இருந்தா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயித்துக்குள்ள அழுத்தம் கூடுற நோயாளிகளப் பத்தி ஒரு ஆராய்ச்சி செய்யிறா எண்டும், என்னையும் அதில சேக்கலாமோ எண்டும் கேட்டா. "கூட ஊசி போடுவீங்களா?" எண்டன். "ஊசியே இல்லை ஐயா, அளக்கிறது மட்டும்தான்" எண்டா. சரி எண்டு தலைய ஆட்டினன்.

வயித்துக்குள்ள அழுத்தம் கூடினா கிட்னிக்கும் குடலுக்கும் ரத்தம் போறது குறைஞ்சிருமாம், மூச்செடுக்கவும் ஏலாதாம். தொட்டுப் பாத்து அதச் சொல்ல ஏலாது, அளந்துதான் பாக்கணும். சலம் போற குழாய்க்குள்ளால கொஞ்சம் உப்புத்தண்ணி ஏத்தி, வெளிய போற பக்கத்த அடைச்சிட்டு, குழாய நட்டுக்குத்தாப் பிடிச்சு, தண்ணி எந்த உசரத்தில நிக்குது எண்டு பாப்பா. நாங்க நிலத்துக்கு லெவல் பாக்கிற தண்ணிக் குழாய் இருக்கே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு அளவு இருக்கு, அதத் தாண்டிக்கொண்டே போனா வயித்தத் திறந்து விட வேண்டி வரும் எண்டா. அந்தச் சொல்லக் கேட்டதில இருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல.

குழாயும் அதுகளுமாக் கிடந்துகொண்டு தொழலாமா எண்டு என்ட மனுசி மௌலவிட்டக் கேட்டு வந்தா. ஏலுமான மாதிரித் தொழட்டும் எண்டு அவர் சொன்னாராம். மல்லாந்து கிடக்கிறவர் குனியிறதுக்கும் நெத்திய நிலத்தில வைக்கிற சுஜூதுக்கும் பதிலாத் தலையால சைகை செய்யணும். அதுவும் ஏலாட்டி கண் இமையால. இது நான் மதரசாவில படிச்சதுதான். ஆனா கண்ணால தொழுறது எண்டா எனக்குப் பிடிக்காது. என்ட வாப்பா கடைசி நாளில அப்படித்தான் தொழுது தொழுது மௌத்தானவர். அது போற ஆக்கள்ட தொழுகை, நான் போற ஆளில்ல எண்டு மனசில ஒரு வீம்பு. முகம் தொழுற திசை கிப்லாவப் பாக்கட்டும் எண்டு இன்னொரு தலையணையும் கேட்டு வாங்கி வச்சிக்கொண்டன்.

அஞ்சு வக்துத் தொழுகையோட விடல்ல. அந்தப் பிள்ளை குழாயோட வாறதக் கண்டா உடனே தேவைக்காக ரெண்டு ரக்அத் எண்டு நிய்யத்து வச்சிருவன். அளவு குறையணும் எண்டுதான் தொழுறது. பல்லக் கடிச்சிக்கொண்டு தலையத் தூக்கித் தூக்கி இறக்குவன். அவ அளப்பா, கூடியிருக்கும். நம்மட தொழுகை காணாது போல எண்டு அடுத்த முறை இன்னும் உசத்தித் தூக்குவன். இடையில அவ ஏதும் கேட்டா வாயே திறக்க மாட்டன். தொழுகையில நிக்கிறவன் கதைப்பானா?

ரெண்டு நாள் இப்படிப் போச்சு. அடுத்த நாள் பகல் சத்திரசிகிச்சை செய்யிற பெரிய டொக்டர் வந்தார். அளவு ஏறிக்கொண்டே போகுது, ஆளுக்கும் தெளிவில்லை போலக் கிடக்கு, தியட்டருக்கு ஆயத்தப்படுத்துங்க எண்டு என்ட கால்மாட்டில நிண்டு சொன்னார். திறந்தா உடனே மூட ஏலாதாம், சில நாள் திறந்தபடியே வச்சிருக்க வேணுமாம். எனக்கு எல்லாம் கேட்டது. உடனே தொழத் தொடங்கிட்டன்.

சம்மதம் கேக்க மனுசிய உள்ளுக்குக் கூட்டி வந்தாங்க.

"அக்கா, ரெண்டு நாளா இப்பிடித்தான். கூப்பிட்டாக் கதைக்கிறார் இல்லை, தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் போடுறார்" எண்டு அந்தப் பிள்ளை சொன்னா.

மனுசி என்ட முகத்த ஒருக்காப் பாத்தா. "படச்சவனே! அவர் தொழுறாரு டொக்டர். பொறுங்க, இப்ப முடிச்சிருவாரு."

நான் தொழுகைய முடிச்சு ஸலாம் குடுத்துத் திரும்பினா, ரெண்டு பேரும் என்னையேதான் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க.

"நான் அளக்கேக்கையுமோ தொழுதுகொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம். நீங்க வந்தா எண்டாக் கட்டாயம்."

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்திச்சோ அழுகை வந்திச்சோ தெரியா. அவட மாஸ்க்குக்கு மேலால கண் மட்டும்தான் தெரிஞ்சிது. என்ட கைய எடுத்து என்ட வயித்தில வச்சா. "இப்ப தலையைத் தூக்கிப் பாருங்கோ" எண்டா. தூக்கினன். வயிறு பலகை மாதிரி இறுகிச்சு. தலைய இறக்கினன், கொஞ்சம் இளகிச்சு. இன்னொருக்காத் தூக்கிப் பாத்தன். அளவ ஏத்திக்கொண்டிருந்தது நான்தான்.

தலைமாடு உசந்தாலும் கூடத்தான் காட்டுமாம். தலையணை ரெண்டையும் எடுத்திட்டு மட்டமாப் படுங்கோ, இன்னொருக்கா அளப்பம் எண்டா. அந்த நேரம் பாத்து கிட்டத்துப் பள்ளியில பின்னேரத் தொழுகை அஸருக்கு பாங்கு சொன்னாங்க.

"அஸர் தொழாம நான் தியட்டருக்குப் போக மாட்டன்" எண்டன். "உள்ளுக்கு என்னமும் ஆகிட்டா?"

"அப்ப கண்ணால தொழுங்க" எண்டா மனுசி.

"ஏன், நான் என்ன மௌத்தாகப் போறனா?"

மனுசிக்கு வந்ததே கோபம். "பெரிய சண்டியன்! உங்கட வீம்புக்கு வயித்தக் கிழிக்கப் போறாங்க. கண்ணால தொழ இடம் தந்தவன விட உங்களுக்குக் கூடத் தெரியுமா?" எண்டு ஏசிப்போட்டு, அங்கயே அழவும் தொடங்கிட்டா.

டொக்டர் பிள்ளை டெலிபோன எடுத்து தியட்டருக்குக் கதைச்சா. கொஞ்சம் பிந்தும் எண்டு சொல்லுறது கேட்டது. அந்தப் பக்கத்தில ஆரோ சத்தம் போட்டாங்க போல, இவ "ஓம் சேர், நான் பொறுப்பு" எண்டா. மறுகா என்னட்ட வந்து, "தொழுங்கோ ஐயா, நான் நிக்கிறன்" எண்டா.

மட்டமாப் படுத்து, மேல முகட்டப் பாத்துக்கொண்டு தக்பீர் சொல்லித் தொடங்கினன். குனியிறதுக்கு இமையக் கொஞ்சம் தாழ்த்தினன், சுஜூதுக்கு இன்னும் தாழ்த்தினன். வாப்பாட முகம் வந்திச்சு. அவரும் இப்படித்தான் கிடந்தவர். அவருக்கும் பயம் இருந்திருக்கும் எண்டு எனக்கு முதல் முதலா அப்பதான் விளங்கிச்சு. கண்ணீர் ரெண்டு பக்கமும் காதுக்குள்ள வடிஞ்சிது.

வெளியால பாக்கிறவங்களுக்கு நான் சும்மா கிடக்கிற மாதிரித்தான். "முடிஞ்சுதோ?" எண்டு அந்தப் பிள்ளை மெதுவாக் கேட்டா. "இல்ல டொக்டர், இவர்ட தொழுகை எப்பவும் நீளம்" எண்டு மனுசி மூக்க உறிஞ்சிக்கொண்டு சொன்னா.

முடிச்சிட்டுச் சொன்னன். மூச்ச வெளிய விடச் சொல்லி அளந்தா. சரியா விளங்காத மாதிரி இன்னொருக்காவும் அளந்தா. குறைஞ்சிருந்திச்சு. சுகமான ஆள்ட அளவு இல்ல, ஆனா வெட்டுற அளவும் இல்ல. பெரிய டொக்டர் வந்து, தானும் நிண்டு அளப்பிச்சுப் பாத்திட்டு, "விடிய மட்டும் பாப்பம்" எண்டிட்டுப் போனார்.

விடிஞ்சும் வெட்டல்ல. சேலைனக் குறைச்சாங்க, மூக்குக் குழாயால வயித்தில கிடந்தத இழுத்தாங்க, நீர் போக மருந்து தந்தாங்க. ஒரு நாள் காலையில காத்துப் பிரிஞ்சிது. அதுக்கு ஐசியூவே சந்தோசப்பட்டது. மனுசி அல்ஹம்துலில்லாஹ் எண்டு சத்தமாச் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரர் என்ன விசயம் எண்டு கேக்க, எனக்கு வெக்கமாப் போச்சு. பிறகு பித்தப்பைய எடுத்தாங்க, இப்ப முழங்கால் குத்தி டைல்ஸ் பதிக்கிறன்.

தொழுகையால சுகமாச்சா மருந்தாலயா எண்டு ஊரில ஆக்கள் இன்னும் கேக்கிறாங்க. அந்தப் பிள்ளை கையில குழாயோட, தனக்குத் தெரியாத ஒரு தொழுகை முடியுமட்டும் நிண்டுகொண்டிருந்ததுதான் எனக்கு மறக்க ஏலாம இருக்கு. அவட பேர நான் கேக்கவே இல்ல. அதால ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதிட்டு, துஆவில "அந்த டொக்டர் பிள்ளைக்கு" எண்டு மட்டும்தான் கேக்கிறன், படச்சவனுக்கு ஆளத் தெரியும்.