அரை நிமிட ஜெபம்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க நமக்கு. சுகம் வந்தவர்கள் சிரிப்பார்கள், பொறுமை வந்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு அந்த வருஷம் ஞானம் வந்தது. கேட்டால் ஆண்டவர் தருவார், இனி எனக்கென்ன குறை என்று வீடு வந்து சேரும்வரை வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டே வந்தேன்.

"இருக்கற வாய்க்கு இது வேறயா? இனி கம்பெனில யாரும் பொழச்ச மாதிரிதான்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் டி-ஷர்ட்டுகளில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கும் பன்னிரண்டு பெண்களுக்கு நான்தான் மேலே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்கென்றே சொன்னது. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது. ஜன்னலோரம் நீண்ட மேஜை, முடியில் வந்து ஒட்டும் பஞ்சு, பதினொரு மணிக்கு டீயும் பன்னும், ரேடியோப் பாட்டு. மேஜைக்கு இந்தப் பக்கம் எங்கள் 'வாங்க, போங்க', அந்தப் பக்கம் வடக்கேயிருந்து வந்த பெண்களின் இந்தி. எல்லாச் சத்தத்துக்கும் மேலே என் சத்தம் கேட்கும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இருபது வயது. கம்பெனி விடுதியில் தங்கியிருந்தாள். ஊருக்குத் திரும்பினால் நாற்பது வயதுத் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று தீபாவளிக்குக்கூடப் போகமாட்டாள். வேலை போனால் விடுதியும் போகும் என்பது மேஜையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வருஷம் பிறந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வந்து, அனுப்பத் தயாராக இருந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தார். தோள் தையலை ஒட்டிக் குண்டூசி முனை அளவில் ஓட்டைகள். மொத்தச் சரக்கும் நின்றுபோயிற்று. பார்த்து முடித்த ஒவ்வொரு பீஸிலும் பார்த்தவளின் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். ஓட்டை விழுந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணின் நம்பர்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "யாரை நிறுத்தறதுன்னு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க. நாளைக்குச் சாயங்காலத்தோட அனுப்பிரலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஆனால் ஞானம் வந்த ஆளல்லவா நான்? மாடிப்படியில் நின்று கண்ணை மூடி, "ஆண்டவரே, ஞானம் தாங்க" என்றேன். அரை நிமிடம் இருந்தால் அதிகம். கண்ணைத் திறக்கும்போது அவள் முகம்தான் மனசில் வந்தது. அடடா, கேட்டதும் கொடுத்துவிட்டாரே! நேராக மேனேஜரிடம் போனேன். "அந்தத் திருநெல்வேலிப் புள்ளதானுங்க. ஜெபம் பண்ணிட்டுத்தான் சொல்றேனுங்க." அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னேனோ, நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை காலை, இன்னும் அயர்னிங் போகாத சரக்கை மறுபடி பார்க்க நானே மேஜையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் பார்த்த பீஸ்கள். எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தன. எதற்கோ ஒன்றின் தோளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பொட்டென்று இழை விட்டு ஓட்டை விழுந்தது. அடுத்ததிலும் அப்படியே. ஒரு மெஷினில் மழுங்கிய ஊசி இழையை அறுத்திருக்கிறது. சும்மா பார்த்தால் தெரியாது, அயர்னிங்கில் சூடுபட்டு இழுபடும்போது வாயைப் பிளக்கும். அந்த மெஷினின் பீஸ்கள் பெரும்பாலும் அவள் முன்னால்தான் வந்து விழுந்திருக்கின்றன.

ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்க்கிற ஒருத்தி அந்த மேஜையில் இருந்தாள். அந்தத் திருநெல்வேலிப் பெண்தான். பொங்கல் முடிந்த வாரம் அவள் பின்னால் நின்று கத்தியவள் நான். "ஏங் கண்ணு, பனியன் பாக்கறியா, பரோட்டா மாவு பெசையறியா? இழுக்காம வெரசாப் பாரு!" மேஜையே சிரித்தது. அன்றோடு அவள் இழுப்பதை விட்டுவிட்டாள்.

இந்த முறை நான் ஜெபிக்கவில்லை. என்ன செய்ய வேண்டுமென்று நன்றாகத் தெரிந்தது, தைரியம்தான் வரவில்லை. சூப்பர்வைசர் ஆக எனக்குப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. மத்தியானம் வரை அப்படியும் இப்படியும் நடந்தேன். அவள் தன் டிபன் டப்பாவைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் மேனேஜர் அறைக்குள் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேத்து ஜெபம் பண்ணித்தானே சொன்னீங்க? இன்னிக்கு வேற பதில் வந்திருச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க. நேத்து வந்தது என்னோட கோவமுங்க. ஆண்டவர் பேரைச் சும்மா இழுத்துட்டேனுங்க."

அவள் வேலை தப்பியது. என் பதவி போனது. திங்கட்கிழமை முதல் அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நானும் பீஸ் பார்த்தேன். அந்த ஸ்டூலில் மூன்று வருஷம் இருந்தேன். அவள் பனங்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவருவாள், நான் கச்சாயம் சுட்டுக் கொண்டுபோவேன். அதைப்போல நல்ல வருஷங்கள் எனக்குத் திரும்ப வரவில்லை.

ஆனால் முதல் நாள் அப்படி இல்லை. டீ வந்தபோது, "மன்னிச்சுக்க கண்ணு" என்றேன். அவள் கையிலிருந்த பீஸை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"சாமிட்ட கேட்டுத்தான் என் பேரச் சொன்னியன்னு மேனேஜர் சொன்னாவ. நெசமாக்கா?"

"ஆமா கண்ணு."

"நான் நாலடி தள்ளித்தான இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.