கை காட்டி மறித்த ரயில்

இன்று காலை இங்கிலாந்தில் நான் ஒரு ரயிலை மறித்தேன். பின்னேரம் மொன்றியலுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுதி எங்கள் தமிழ் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

மகள் இருப்பது கடலோரக் கிராமம். அங்கே ஸ்டேஷன் என்றால் ஒரு மேடை, ஒரு வாங்கு, நிறையக் கடற்காற்று. வருகிற ரயிலை விட்டால் என் விமானமும் போய்விடும்.

என்னைக் கூட்டிப்போக லண்டனிலிருந்து வந்த மைத்துனர் வாங்கில் சாய்ந்து சிகரெட் பிடித்தார். நான் அங்கிருந்த அறிவிப்பை எழுத்துக் கூட்டினேன். மண்டபத்து மாலை வகுப்பில் தமிழ் எழுத்தோடு சேர்த்துப் படித்த ஆங்கில 'ஹாண்ட்' அதில் இருந்தது. மொன்றியல் லாசாலில் எங்கள் தெருமுனைச் சிவப்புப் பலகையில், பிரெஞ்சு 'அரே'க்குக் கீழே நிற்கும் 'ஸ்டொப்'பும் இருந்தது.

"கை காட்டினால்தான் ரயில் நிற்குமாம்" என்றேன்.

"அத்தான், இதென்ன மட்டக்களப்பு பஸ்ஸோ, கை காட்டி மறிக்க? பேசாமல் இருங்கோ. வெள்ளைக்காரன் சிரிப்பான்."

வளைவில் ரயில் தெரிந்தது. வேகம் குறைவதாக இல்லை. நான் முன்னுக்குப் போய்க் கையை நீட்டினேன்.

நின்றது. அவ்வளவு பெரிய ரயில் எனக்காக நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, "குட் மோர்னிங், சேர்" என்றான்.

மைத்துனர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

"கிழவனுக்கு இந்த வயதில் என்ன படிப்பு?" என்று மண்டபத்தில் கேட்டவர்கள் இதன் கீழே மறுமொழி எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்தித் தருவேன்.