மத்தியானம் ஏற்றிய பெட்டிகள்

தேன்காரருக்குப் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது. அதை அவர் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவும் மாட்டார். காலையில் டீயை நின்றபடியே குடித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வாசல் தோட்டத்தில் இறங்கினால் அப்புறம் தேனீப் பெட்டிகளோடுதான் பேச்சு. "என்ன, உள்ள இருக்கீங்களா, இல்ல போய்ச் சேந்துட்டீங்களா?" என்று பெட்டியில் காதை வைத்து விரலால் தட்டுவார். உஸ்ஸென்று ஓர் இரைச்சல் எழுந்து சட்டென அடங்கினால் ராணித் தேனீ நலம். அடங்காமல் ஓலமாக இழுத்தால் ராணி இல்லை. சத்தமே வராவிட்டால் அந்தப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்.

குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற இந்த நாட்கள்தான் தேனீ வளர்ப்பவருக்கு உயிர் போய் உயிர் வருகிற காலம். சேர்த்து வைத்த தேனைக் கூட்டம் குளிரிலேயே தின்று தீர்த்திருக்கும். பூவோ இன்னும் சரியாக வந்திருக்காது. இந்த நேரம் பார்த்துத்தான் ராணி மளமளவென்று முட்டையிட ஆரம்பிப்பாள். பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்த்துக் கனமில்லையென்றால் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைக்க வேண்டும். அடிப்பலகையில் குவிந்துகிடக்கும் செத்த தேனீக்களை வழித்துப் போட வேண்டும். தேனடை கட்டிய மரச்சட்டத்தை வெளியே எடுத்து முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதென்றால் வெயில் ஏறிய மத்தியானத்தில் மட்டும்தான்; அதிலும் சுணங்கினால் புழு விறைத்துப்போகும். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. அதனால் அவர் வீட்டுக்காரியைத் தள்ளிப்போட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய அங்கியையும் சட்டையையும் உதறித் துவைத்தது அவள்தான். துணியில் ஒட்டிய தேனீ விஷம் தூசியாக மூச்சில் ஏறி அவள் உடம்புக்கு ஒவ்வாமல் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது, யாருக்குத் தெரியும்? ஒரு நாள் துணிக்கொடி பக்கத்தில் ஒரே ஒரு தேனீ கழுத்தில் கொட்டியது. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்து எழுந்ததே பெரும்பாடு. "இன்னொரு கொட்டு தாங்க மாட்டாங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கத்து ஊரில் தையல்கடை வைத்திருக்கும் தங்கையோடு போய் இருக்க ஆரம்பித்தாள். கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை. "பெட்டிங்களைக் குடுத்துட்டுச் சொல்லுங்க, அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்றாள்.

இவர் என்ன செய்தார்? "இந்தக் குளிர் போகட்டும்" என்றார். குளிர் போனதும், "பூ முடியட்டும்." பூ முடிந்ததும், "இப்பக் குடுத்தா பாதி செத்துடும், கொஞ்சம் பொறுத்துக்கோ." அட மனுஷா! அவள் என்ன, கதவுக்குப் பின்னால் தொங்குகிற அங்கியா, வேண்டும்போது எடுத்து மாட்டிக்கொள்ள? வருஷங்கள் ஓடியே போய்விட்டன.

இந்த வருஷக் குளிரில் காய்ச்சல் வந்து படுத்தார். அரைத் தூக்கத்தில், "தண்ணி கொண்டா" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டும் இருந்தார். யாரும் வராதபோதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு அவர் அழுதார்.

காய்ச்சல் விட்டதும் பெட்டிகளை வாங்கிக்கொள்ள ஓர் ஆளைப் பேசி முடித்துவிட்டு அவளுக்குப் போன் போட்டார்.

"பெட்டிங்க போயிடுச்சா?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

மறுநாள்தான் வேன் வருவதாக ஏற்பாடு. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொரு தடவை 'நாளைக்கு' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "போயிடுச்சு" என்றார்.

"நிஜமாவா? அப்ப நாளைக்குச் சாயங்கால பஸ்ல வர்றேன்."

இரவே வீட்டைக் கழுவித் துடைத்தார். மறுநாள் வேன்காரர் வந்து வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில்.

"இருட்டினப்புறம் ஏத்திக்கலாம்ணே. மேயப் போனதெல்லாம் வீடு திரும்பணுமே."

"இல்ல, இப்பவே ஏத்துங்க."

"அண்ணே, உங்களுக்கு நான் சொல்லணுமா? வெளிய இருக்கறதெல்லாம் அநாதையா நின்னுடும்."

"ஏத்துங்கன்னா ஏத்துங்களேன்!"

பெட்டிகளின் வாசலைத் துணியால் அடைத்து, உச்சி வெயிலில், அத்தனையையும் ஏற்றி அனுப்பினார். இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான். அவள் வரும்போது தோட்டம் காலியாக இருக்க வேண்டும் என்ற ஒன்றுதான் அந்த மனுஷனின் மண்டையில் ஓடியது.

வேன் போன கொஞ்ச நேரத்தில் மேய்ச்சலுக்குப் போனவை திரும்ப ஆரம்பித்தன. காலில் மகரந்தத்தோடு வந்து, பெட்டி இருந்த இடத்தில் இறங்கப் பார்த்து, இறங்க ஒன்றுமில்லாமல் சுற்றின. வாசல்படி, ஜன்னல், நடைபாதை எல்லாம் தேனீ. போக்கிடமில்லாத தேனீ எங்கே வேண்டுமானாலும் உட்காரும். உள்ளே வைத்து மூட ஒரு காலிப் பெட்டிகூட அவரிடம் இல்லை.

சாயங்கால பஸ்ஸின் சத்தம் கேட்டது. கேட்டை நோக்கி ஓடினார். அவள் பையோடு சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தாள்.

"அங்கயே நில்லு! உள்ள வராத!"

அவள் நின்றாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"போயிடுச்சுன்னீங்க."

"போயிடுச்சு. இன்னிக்கு மத்தியானம்தான். இதெல்லாம் விட்டுப்போனது. ரெண்டு ராத்திரி குளிர் பட்டா ஒண்ணுகூட இருக்காது, சத்தியமா."

"இன்னும் ரெண்டு நாள்" என்றாள் அவள். பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தாள்.

சட்டையை உதறிக்கொண்டே பின்னால் போனார். மடிப்பில் ஏதாவது ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இவர் தள்ளி, விளக்குக் கம்பத்தடியில் நின்றார். எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தார்! இப்போது சத்தம் போட்டால்தான் அவளுக்குக் கேட்கும்.

"இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள்.

"காய்ச்சல்."

"சொல்லவே இல்ல. நான் வரணும் வரணும்னே சொல்லிக்கிட்டிருந்தீங்க. ஒரு பஸ் தூரம். நீங்க ஒரு நாளாவது வந்திருக்கலாமே."

"தேனீயை விட்டுட்டு எப்படி..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்லிக்கொள்ள இனி அதுவும் இல்லை.

திரும்புகிற பஸ் வந்தது. அவள் பையை எடுத்தாள்.

"நாளைக்கு நான் அங்க வரட்டுமா?"

"இப்பத்தான் தோணுச்சா உங்களுக்கு?" என்றாள், படியில் ஏறிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பஸ் போன பிறகும் அவர் கம்பத்தடியிலேயே நின்றார். நாளைக்கு முதல் பஸ்ஸில் போய்விட வேண்டும் என்று நினைத்தார். எங்கே இறங்குவது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அவள் இத்தனை வருஷமாக இருக்கிற வீடு எந்தத் தெருவில் என்றுகூட அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை.