வெடிக்காத குழி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று திண்டிவனத்தில் சொந்தமாகக் கல் அரைக்கும் கிரஷர் ஓட்டுகிறேன் என்றால் யாரும் தூக்கிவிட்டு வந்ததல்ல, என் கை உழைப்பு. எண்பதுகளில் பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு குவாரியில், நிலமில்லாத பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டுக் கல் உடைத்தோம். அதுதான் எங்கள் ஊர். கோயில் கிடையாது, பஞ்சாயத்து கிடையாது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாறையில் துளைத்து வெடிமருந்து அடைத்த குழி வெடிக்காமல் போனால், அதில் மருந்து கெட்டித்தவனே தனியாகப் போய்த் தோண்டி எடுக்க வேண்டும். வேறு எவனும் தொடக்கூடாது.

ஒரு மத்தியானம் வைத்த வேட்டில் ஒரு குழி மட்டும் வெடிக்கவில்லை. என் தங்கை புருஷன் கெட்டித்தது. தங்கை அப்போது நிறைமாதம்.

வெகு நேரம் காத்திருந்தோம். புகையும் இல்லை, சத்தமும் இல்லை.

"லாரி நிக்குதுடா, ஜல்தியா எடு!" மேஸ்திரி மேலே நின்று கத்திக்கொண்டே இருந்தார்.

மச்சான் மருந்தைச் சுரண்டி எடுக்கும் நீளமான இரும்புக் கரண்டியோடு இறங்கினான். கல்லில் இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், ஆள் மிஞ்சமாட்டான்.

"மச்சான், இரும்ப கீழ போடு. தண்ணி ஊத்தி ஊற வச்சி, மூங்கிக் குச்சியால நோண்டலாம்."

"தண்ணி எங்க கீது? குடிக்கவே ரெண்டு கொடம்தான். நீ மேல போ, இது என் குழி."

தங்கை இரண்டு குடத்தையும் இழுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "ஊத்துண்ணே. தாகத்துல ஒண்ணும் நான் சாவமாட்டேன்."

கட்டுப்பாட்டை மீறி இறங்கினேன். அந்தக் குவாரியில் வேறு ஒருவனுக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அவன் வேறு வழியில்லாமல் இரும்பைப் போட்டுவிட்டு, குழியை அடைத்திருந்த மண்ணை மூங்கிலால் கிளறினான். இருவர் முகமும் குழிக்கு நேர் மேலே. மூங்கில் எதிலோ முட்டி நின்றது. நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அப்புறம் கரிச்சேறு போல மருந்து கரைந்து மேலே வந்தது.

மேலே ஏறியதும் மச்சான் என் சட்டையைப் பிடித்தான். "என் குழியில கை வைக்க நீ யாரு? இனிமே எவன் என்ன மதிப்பான்?"

"மதிக்கறதுக்கு நீ உசுரோட இருக்க வேணாமா?" என்றாள் தங்கை. மேஸ்திரியே சிரித்துவிட்டார்.

மச்சான் சிரிக்கவில்லை. குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றுகூட என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் ஒருமுறை நான் கெட்டித்த குழி வெடிக்கவில்லை. மச்சான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினான்.